பரங்கிமலைத் தொகுதி: நிலமும் வாக்கும்

1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற இராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கம் நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்றை நீட்டிக் கிடத்தினார். வெயில் ஏறினால் எஃகு நீளும்; அளவு பிசகும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் வைத்து, பெட்டிகளை முக்காலிகள் மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, உள்ளே வெப்பமானிகளையும் வைத்திருந்தார். ஒரு நூறு அடி அளந்து முடிந்ததும் சங்கிலி, பெட்டி, முக்காலி, வெப்பமானி எல்லாவற்றையும் தூக்கி அடுத்த நூறு அடிக்கு நகர்த்தவேண்டும். இப்படி 400 முறை நகர்த்தி, தெற்கே பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் தூரத்தை அளந்தார்கள். சித்திரை வெயிலில் வாரக்கணக்காக நடந்த வேலை அது. குமரி முதல் இமயம் வரை பிற்பாடு விரிந்த பெரும் முக்கோண நில அளவைக்கு இந்தக் கோடுதான் அடிக்கோடு.

அந்தக் கோட்டின் வடமுனையைச் சுற்றியுள்ள ஊர்கள் இன்று பெரும்பாலும் ஆலந்தூர் சட்டமன்றத் தொகுதியில் இருக்கின்றன. தென்முனை சோழிங்கநல்லூர் தொகுதியில் இருக்கிறது. அங்குலத்தின் பின்னங்கள் வரை கணக்குப் பார்த்து அளந்த இதே நிலத்தில், ஆளுக்கு ஒரு வாக்கு, வாக்குக்கு ஒரே மதிப்பு என்ற எளிய அளவு மட்டும் நிற்கவில்லை. 2021 தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில் சோழிங்கநல்லூரில் ஏறத்தாழ 6.95 லட்சம் பேர். அதே பட்டியலில் சென்னைத் துறைமுகம் தொகுதியில் ஏறத்தாழ 1.76 லட்சம் பேர். இரண்டுக்கும் சட்டமன்றத்தில் ஆளுக்கொரு நாற்காலிதான். இந்த நிலை எப்படி வந்தது என்பதை மண்ணிலிருந்து தொடங்கித்தான் சொல்லவேண்டும். புறநகரின் அரசியலை அதன் மண்ணே பாதி எழுதிவைத்திருக்கிறது.

பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் சார்னகைட் என்ற மிகப் பழைய, கடினமான பாறை. கல்கத்தாவில் 1693-இல் இறந்த ஜாப் சார்னக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லை வைத்துத்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பாறைக்குப் பெயர் சூட்டினார். குன்றுகளின் அடியில் செம்புரைக்கல் சரளை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கைக்கோடரிதான் இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி. மேட்டில் மனிதர் தங்கியது அவ்வளவு பழைய கதை. மேட்டுக்கு வடக்கே அடையாறு. தென்கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. அதற்கு மேற்கிலும் வடக்கிலும் உள்ள ஏரிகள் ஒன்று நிரம்பி இன்னொன்றுக்கு வழிந்து, கடைசியில் சதுப்பில் வந்து சேரும். வேளச்சேரி ஏரியும் அந்த வரிசையில் வருவதுதான்.

மேட்டு நிலத்தை முதலில் எடுத்துக்கொண்டது படை. 1774-இலிருந்து இங்கே கண்டோன்மென்ட் இருக்கிறது. அதன் பிறகு மீனம்பாக்கம் விமான நிலையம் வந்தது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை, 1960-களில் நந்தம்பாக்கத்தில் சோவியத் உதவியுடன் அறுவை சிகிச்சைக் கருவிகள் ஆலை, பரங்கிமலையில் இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி என்று வரிசையாக வந்தன. மேடு முழுக்க அரசுக்கும் படைக்கும் விமானத்துக்கும் போனபின், குடும்பம் குட்டியோடு வந்தவனுக்குக் கிடைத்தது ஏரிக்கரையும் ஆற்றோரமும் ரயில்பாதைப் பக்கமும்தான். ஐப்பசி, கார்த்திகை வந்தால் புறநகர்வாசி வானத்தைப் பார்ப்பதற்கு இதுவே முதற்காரணம். ஆதம்பாக்கத்துக்காரர் யாரையாவது கேளுங்கள். வீட்டுக்குத் தேதி பார்ப்பதற்கு முன்னால் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்றுதான் பார்ப்பார்.

இந்த நிலத்துக்குப் பரங்கிமலை என்ற பெயரில் சட்டமன்றத் தொகுதி அமைந்தது 1967 தேர்தலுக்கு. அந்த ஆண்டுதான் தமிழகச் சட்டமன்றம் 206 இடங்களிலிருந்து 234 ஆக உயர்ந்தது. தி.மு.க. வேட்பாளர் எம்.ஜி.ஆர். ஜனவரி 12 மாலை இராமாபுரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர். ராதா அவரைச் சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. இராயப்பேட்டை மருத்துவமனைக்கும் அங்கிருந்து பொது மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். தேர்தல் பிப்ரவரியில். வேட்பாளர் தொகுதியில் கால் வைக்கவில்லை. கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் சுவரொட்டியாக மாநிலம் முழுக்கப் போனது. காங்கிரசின் டி.எல். ரகுபதியை அவர் 27 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மாநிலத்தில் தி.மு.க. 137 இடங்களைப் பிடித்தது.

துப்பாக்கிக் குண்டுதான் அந்தத் தேர்தலை வென்றது என்று இன்றுவரை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாணவர்களை வீதிக்குக் கொண்டுவந்திருந்தது. அரிசித் தட்டுப்பாடு வாட்டியது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஒவ்வொரு அடுப்படிக்கும் போய்ச்சேர்ந்திருந்தது. கிண்டிக்கும் குரோம்பேட்டைக்கும் ஷிப்டுக்குப் போகும் புதிய தொழிலாளி வர்க்கம் இந்த ரயில்பாதை நெடுகக் குடியேறியிருந்தது. சுடப்படாமல் இருந்திருந்தாலும் எம்.ஜி.ஆர். இங்கே வென்றிருப்பார். ஆனால் அந்தச் சுவரொட்டி இந்தத் தொகுதிக்கு ஒரு பழக்கத்தை உண்டாக்கியது என்பது உண்மை: வேட்பாளரை நேரில் பார்க்காமலேயே வாக்களிப்பது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

1971-இலும் பரங்கிமலை அவரையே தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டு அக்டோபரில் தி.மு.க. அவரை வெளியேற்றியது, அக்டோபர் 17 அன்று அ.தி.மு.க. பிறந்தது. உதயசூரியனுக்கு விழுந்த வாக்கில் வென்றவர், சட்டமன்றத்தில் அதே நாற்காலியில் வேறு கட்சியின் தலைவராக உட்கார்ந்தார். 1976 ஜனவரியில் ஆட்சி கலைக்கப்படும்வரை அப்படியே இருந்தார். அப்போது கட்சித் தாவல் தடைச்சட்டம் கிடையாது. அது 1985-இல்தான் வந்தது. ஆக, தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வின் சட்டமன்ற வரலாறு வாக்காளரின் புது ஒப்புதல் கேட்காமல் பரங்கிமலைத் தொகுதியில் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. 1977-இல் மாநிலமே ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆனால் அந்த ஒப்புதலைக் கேட்க அவர் பரங்கிமலைக்குத் திரும்பி வரவில்லை, அருப்புக்கோட்டைக்குப் போனார். திரும்பி வர நினைத்திருந்தாலும் பரங்கிமலை என்ற தொகுதி அப்போது இல்லை. எல்லைகள் மாறி, ஆலந்தூர், தாம்பரம் என்ற பெயர்கள் வந்திருந்தன. தாம்பரம் தனது முதல் தேர்தலிலேயே முனு ஆதியை அனுப்பியது. அவர் பேரவைத் தலைவரானார்.

அதன் பிறகு ஆலந்தூரின் கணக்கு நேரானது. 1991, 1996, 2001, 2006, 2011 என்று ஐந்து தேர்தல்களிலும் கோட்டையில் யார் உட்கார்ந்தார்களோ, அவர்கள் கூட்டணிதான் ஆலந்தூரிலும் வென்றது. 2001-இல் பா. வளர்மதி, 2006-இல் தா.மோ. அன்பரசன். 2011-இல் அ.தி.மு.க. கூட்டணியிலிருந்த தே.மு.தி.க.வின் பண்ருட்டி எஸ். ராமச்சந்திரன். அவர் 2013 டிசம்பரில் பதவி விலகி, பிறகு அ.தி.மு.க.வில் சேர்ந்தார். 2014 ஏப்ரல் 24 அன்று மக்களவைத் தேர்தலோடு இடைத்தேர்தலும் நடந்து, அ.தி.மு.க.வின் வி.என்.பி. வெங்கட்ராமன் வந்தார். 1972-இல் கேட்கப்படாத கேள்வி 42 ஆண்டுகள் கழித்து இதே வட்டாரத்து வாக்காளரிடம் கேட்கப்பட்டது. சட்டம் ஒன்று எழுதப்பட்டால் அதன் பயன் எங்கே போய் இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கட்சிக் கணக்கைவிட ஆலந்தூரின் பெருமையாக நான் நினைப்பது அதன் பாதாளச் சாக்கடை. 1990-களின் கடைசியில் ஆலந்தூர் நகராட்சியில் வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி, நிரம்பினால் லாரி. நகராட்சித் தலைவராக இருந்தவர் ஆர்.எஸ். பாரதி. பாதாளச் சாக்கடை வேண்டுமென்றால் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை கட்டவேண்டும் என்று நகராட்சி கேட்டது. அன்றைக்கு அது மாதச் சம்பளக்காரன் கைக்கு எளிதில் வரும் தொகை அல்ல. ஒரு குழாய்கூடப் பதிக்கப்படாத நிலையில், குடியிருப்போர் நலச் சங்கங்கள் தெருத்தெருவாகக் கூட்டம் போட்டன. மக்கள் கட்டினார்கள். கோடிக்கணக்கில் சேர்ந்தது. சுத்திகரிப்பு நிலையம் பெருங்குடியில் அமைந்தது. தமிழக அரசும் தனியார் ஒப்பந்ததாரரும் கடன் தந்த நிறுவனங்களும் அதில் இருந்தாலும், திட்டத்தை நிலைநிறுத்தியது மக்கள் முன்கூட்டிக் கட்டிய பணம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களிப்பதைவிடப் பெரிய குடிமைச் செயல் என்று இதைச் சொல்வேன். நாட்டின் பல ஊர்களிலிருந்து நகராட்சிக்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள்.

அந்த நகராட்சி இன்று இல்லை. 2011-இல் 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, ஆலந்தூர் அதன் 12-ஆவது மண்டலமாகிவிட்டது. 2018-இல் ஆலந்தூர் வட்டம் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது. ஆனால் தேர்தல் எல்லை மாறவில்லை. நங்கநல்லூரில் குடியிருக்கும் ஒருவரின் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சொத்துவரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு. வருவாய்ச் சான்றிதழ் வாங்குவது சென்னை மாவட்டத்தில். 2021 சட்டமன்றத் தேர்தலில் அவர் தொகுதி காஞ்சிபுரம் மாவட்டக் கணக்கில் இருந்தது. நாடாளுமன்றத்துக்கு அவர் ஸ்ரீபெரும்புதூர் வாக்காளர். பக்கத்து வேளச்சேரிக்காரர் தென்சென்னை வாக்காளர். தெருவில் தண்ணீர் நின்றால் யாரிடம் போவது என்ற கேள்விக்கு அவருக்கு நான்கு விடைகள் உண்டு. நான்கில் எதுவும் முழு விடை இல்லை.

தண்ணீர் நின்றது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். அடையாறு மணப்பாக்கத்திலும் நந்தம்பாக்கத்திலும் முதல் தளம் வரை ஏறியது. ஆற்றின் மேல் ஓடுபாதை நீட்டப்பட்டிருந்த விமான நிலையம் டிசம்பர் 6 வரை மூடிக்கிடந்தது. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால், 2014 ஜூன் 28 அன்று, மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் வெளியூர்க் கட்டடத் தொழிலாளர்கள். இறந்தவர்களில் மிகப் பலருக்கு இங்கே வாக்கு கிடையாது. தொகுதியைக் கட்டியவர்கள் தொகுதியின் பட்டியலில் இல்லை என்பதை அந்த இடிபாடு காட்டியது.

2016 தேர்தலில் மாநிலம் அ.தி.மு.க.வைத் திரும்ப ஆட்சியில் அமர்த்தியது. ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம், சோழிங்கநல்லூர், வேளச்சேரி ஆகிய ஐந்தும் தி.மு.க. பக்கம் போயின. 2011-இல் இந்த ஐந்துமே அ.தி.மு.க. அணியிடம் இருந்தவை. ஆலந்தூரின் அந்தப் பழைய ஒழுங்கு இங்கே முறிந்தது. வெள்ளம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல வரவில்லை. விருகம்பாக்கமும் நனைந்தது, அது அ.தி.மு.க.வுக்கே வாக்களித்தது. ஆனாலும் ஆற்றுக்கும் சதுப்புக்கும் இடையில் உள்ள ஐந்து தொகுதிகள் மாநிலக் காற்றுக்கு எதிராக ஒரே பக்கம் சாய்ந்தது தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2021-இல் ஆலந்தூரில் மீண்டும் அன்பரசன், ஐந்தும் தி.மு.க. கூட்டணிக்கே போயின.

இனி தென்முனை. சோழிங்கநல்லூர் 2008 மறுவரையறையில் பிறந்து 2011-இல் முதல் தேர்தலைக் கண்ட தொகுதி. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்ப்பவர்களுக்கு அதன் பின்னால் இருப்பது தெரியாது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் நகரின் நடுவிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அரசு கொண்டுவந்து இறக்கியது இந்தத் தொகுதியில்தான். சிந்தாதிரிப்பேட்டையில் வீட்டு வேலைக்கு நடந்து போன பெண், பெரும்பாக்கத்து எட்டு மாடிக் குடியிருப்பிலிருந்து அதே வேலைக்கு இரண்டு பேருந்து மாறிப் போனார். வாக்கும் கூடவே இடம் மாறியது. நடுநகரத் தொகுதிகளை விட்டு வந்த வாக்கு இங்கே கூடியது. நகரத்தின் ஏழைகளை இடம் மாற்றியபோது அவர்கள் வாக்கின் எடையையும் குறைத்துவிட்டோம் என்பதை எந்தத் திட்ட அறிக்கையும் கணக்கில் எடுக்கவில்லை.

பட்டியலில் இரட்டைப் பதிவும் செத்தவர் பெயரும் வீடு மாறிப் போனவர் பெயரும் நிறைய. அதனால்தான் எண்ணிக்கை இப்படித் தெரிகிறது என்று சொல்வார்கள். உண்மைதான், வாடகைக்காரர்கள் மிகுந்த புறநகரில் அது இருக்கும். ஆனால் 6.95 லட்சத்தில் பாதியை அடித்துவிட்டாலும் துறைமுகத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு மிச்சம் நிற்கிறது. மறுபுறம், இங்கேயே பத்தாண்டு குடியிருந்தும் பெயரைத் தென்காசியிலோ திருவாரூரிலோ வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! வாக்குப்பதிவுக்கு முதல் நாள் இரவு தெற்கே போகும் பேருந்துகளில் நிற்க இடமிருக்காது. 2021-இல் மாநிலத்தில் 72 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பதிவானபோது, வேளச்சேரி 60-ஐக்கூட எட்டவில்லை. புறநகர்க்காரன் சோம்பேறி, வாக்குச்சாவடிக்கு வரமாட்டான் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அவனில் ஒரு பகுதி ஊருக்குப் போய் வரிசையில் நின்று மையை வைத்துக்கொண்டுதான் வருகிறான்.

எடை குறைந்ததற்குச் சட்டக் காரணம் ஒன்று உண்டு. 1976-இன் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தொகுதி எண்ணிக்கையை உறைய வைத்தது. 2001-இன் 84-ஆவது திருத்தம் அந்த உறைநிலையை 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டியது. 2003-இன் 87-ஆவது திருத்தப்படி, எண்ணிக்கையைத் தொடாமல், 2001 கணக்கெடுப்பை வைத்து மாநிலத்துக்குள் மட்டும் எல்லைகள் மாற்றப்பட்டன. 2001-இல் பெரும்பாக்கம் ஒரு சிற்றூர். அந்தத் தலைக்கணக்கில் போட்ட கோடுதான் 2021-இலும் எல்லை.

இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பக்கூடாது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தமிழகத்துக்கு நாடாளுமன்ற இடங்களின் பங்கு குறையக்கூடாது என்பது நியாயமான கோரிக்கை. அதில் இந்த மாநிலத்தில் கட்சி வேறுபாடு அதிகம் இல்லை, எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தமிழகத்துக்குள்ளேயே ஒரு தொகுதிக்காரனின் வாக்கு இன்னொரு தொகுதிக்காரனின் வாக்கில் கால்வாசி எடை பெறுவது வேறு கேள்வி. டெல்லியோடு பேசவேண்டியதை டெல்லியோடு பேசுவோம். அதைச் சாக்காகக் காட்டி இதைப் பேசாமல் விடுவது புறநகருக்குச் செய்யும் அநீதி. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி 1.76 லட்சம் வாக்காளருக்கும் 6.95 லட்சம் வாக்காளருக்கும் ஒரே தொகைதான் என்பதை நினைத்தாலே இது ஏட்டுக் கணக்கு அல்ல என்பது விளங்கும்.

அடுத்த மறுவரையறை எப்போது நடந்தாலும் புறநகர் கேட்கவேண்டியவை எனக்குத் தெரிந்து இரண்டு. சோழிங்கநல்லூர் போன்ற தொகுதிகள் பிரிக்கப்படவேண்டும். பிரிக்கும்போது மாநகராட்சி மண்டலமும் வட்டமும் தொகுதியும் கூடியவரை ஒரே கோட்டில் வரவேண்டும். இன்னொன்று, கோடு நீர்வழியை மதிக்கவேண்டும். ஓர் ஏரியும் அதன் போக்குக் கால்வாயும் சேருமிடமும் ஒரே உறுப்பினரின் பொறுப்பில் இருந்தால், வெள்ளத்தன்று அவரால் பக்கத்துத் தொகுதியைக் கைகாட்ட முடியாது. பள்ளிக்கரணைச் சதுப்பு 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதைக் காக்கும் பொறுப்பு மூன்று நான்கு தொகுதிகளுக்கிடையில் சிதறிக் கிடப்பது நல்லதல்ல.

2002 மறுவரையறைச் சட்டத்தின்கீழ் ஆணையம் வரைவை அரசிதழிலும் செய்தித்தாள்களிலும் வெளியிட்டது, ஆட்சேபங்களைக் கேட்டது, பொது அமர்வுகளை நடத்தியது. அந்த அமர்வுகளில் கட்சிக்காரர்கள் பேசினார்கள், புறநகர்க் குடியிருப்போர் அதிகம் பேசவில்லை. இறுதி ஆணை வெளியானபின் அரசியலமைப்பின் 329-ஆம் உறுப்பு நீதிமன்றக் கதவைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. ஆகவே ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வரைவு வந்த அன்றே வரைபடத்தை வாங்கி உங்கள் தெருவும் உங்கள் ஏரியும் எந்தப் பக்கம் விழுகின்றன என்று பாருங்கள். கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் உங்கள் கூட்டத்துக்கு அழையுங்கள். கெடு முடிவதற்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள்.